ப்ளாசம் நிறுவல்: பிழை 500 முதல் தொலைந்துபோன தேதிகள் வரை

கோப்புக்காரன்

வணக்கம். பல ஆண்டுகளாக பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு வழங்கியில் (சர்வர்), பெர்ல் நிரல்மொழியில் எழுதிய ப்ளாசம் என்னும் சிறிய நிரலைக் கொண்டு வலைப்பதிவு எழுதிவருகிறேன். மொத்தம் 300 இடுகைகள் இருக்கலாம். எல்லாமே வெறும் உரைக்கோப்புகள். அந்த வழங்கியின் கணக்கை முடித்துக்கொண்டு, 512 எம்பி நினைவகம் மட்டுமே உள்ள ஒரு மெய்நிகர் வழங்கிக்கு இவற்றை மாற்ற முயல்கிறேன். அதில் டெபியன் லினக்ஸும், வலைப்பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருளும் உள்ளன. நிரலின் தலைப்பகுதியில் இருக்கும் அமைப்புகளை (வலைப்பதிவின் பெயர், தரவு அடைவு அதாவது இடுகைகள் இருக்கும் ஃபோல்டர், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களின் அடைவு) என் விண்டோஸ் கணினியிலேயே திருத்தி, சிஜிஐ அடைவில் (உலாவி கேட்கும்போது வழங்கி இயக்கித் தரும் நிரல்களின் இடம்) ஏற்றி, அனுமதியை 755 (எல்லோரும் படிக்கலாம், இயக்கலாம்) என்று வைத்தேன். உலாவியில் திறந்தால் பிழை 500 (வழங்கிக்குள் ஏதோ தவறு) மட்டுமே வருகிறது. என் விண்டோஸ் கணினியில் பெர்லைக் கொண்டு இலக்கணச் சோதனை செய்து பார்த்தபோது பிழை எதுவும் இல்லை என்றே விடை வந்தது. எங்கே தவறு என்று தெரியவில்லை.

வேர்க்கணக்கு

உலாவியில் தெரியும் 500 என்ற எண்ணிலிருந்து எதையும் அறிய முடியாது. அப்பாச்சியின் பிழைப்பதிவேட்டின் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். அதுவரை என் ஊகத்தைச் சொல்லி வைக்கிறேன். விண்டோஸில் திருத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, ஐயம் அங்கேதான். விண்டோஸ் உரைத்திருத்திகள் பல, ஒவ்வொரு வரியின் முடிவிலும் புதுவரிக் குறியோடு இன்னொரு கட்டுப்பாட்டுக் குறியையும் சேர்த்துவிடும். யூனிக்ஸ் வகை இயக்குதளத்தின் கருவோ (கெர்னல்), நிரலின் முதல் வரியில் பெர்ல் இருக்கும் பாதையைப் படிக்கும்போது அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியையும் பாதையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு பெயரில் கோப்பு எதுவும் இல்லாததால், நிரல் கண்முன் இருக்கும்போதே 'கோப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதப்படும்.

இலக்கணச் சோதனை உங்களை ஏமாற்றியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெர்லை நீங்களே அழைத்து அதனிடம் கோப்பைக் கொடுக்கும்போது, முதல் வரியில் உள்ள பாதையைக் கொண்டு கரு எதையும் தேட வேண்டியிருப்பதில்லை. மிகுதியான குறியைப் பெர்லும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே முனையத்தில் கோப்பை அதன் பெயராலேயே நேரடியாக இயக்கிப் பாருங்கள். வழங்கி அதை இயக்குவதும் அப்படித்தான்.

கோப்புக்காரன்

நீங்கள் சொன்னதேதான். வரிமுடிவுகளை மாற்றியவுடன் 'கோப்பு இல்லை' என்ற புலம்பல் நின்றது. ஆனால் 500 நிற்கவில்லை. சிஜிஐ என்னும் பெர்ல் கூறு (மாட்யூல்) எங்கும் அகப்படவில்லை என்று இப்போது பதிவேடு சொல்கிறது. பழைய வழங்கியில் நான் இப்படி எதையும் தனியாக நிறுவியதாக நினைவில்லை.

முனையவாசி

நினைவு சரியே, அப்போது நிறுவத் தேவையிருந்திருக்காது. அந்தக் கூறு நெடுங்காலம் பெர்லோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. 2015-இல் வெளிவந்த பெர்ல் 5.22-இல் அதை மையத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். டெபியனின் தொகுப்புக் களஞ்சியத்தில் அது தனித் தொகுப்பாக இருக்கிறது. நிறுவினால் போதும், நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு கேள்வி: நீங்கள் வைத்திருப்பது எந்தப் பதிப்பு? ப்ளாசத்தை உருவாக்கிய ரேயல் டோர்ன்ஃபெஸ்ட் வெளியிட்ட 2.0 என்றால், அதை அப்படியே பொதுவெளியில் இயக்காதீர்கள். முகவரியில் வார்ப்புருவின் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் அச்சு) பெயரைக் குறிக்கும் அளபுருவை வடிகட்டாமல் பக்கத்தில் எதிரொலிக்கும் ஓட்டை அதில் உண்டு. அதன் வழியே பிறர் தம் நிரல்துண்டைப் படிப்பவரின் உலாவியில் ஓடவைக்க முடியும். 2008-இல் வந்த 2.1.2 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. 2.0-க்காக எழுதிய வார்ப்புருக்களும் செருகுநிரல்களும் என்னிடம் 2.1.2-இல் மாற்றமின்றி ஓடின.

கட்டளைவரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2008-க்குப் பிறகு அசையாத ஒரு நிரலுக்காக இத்தனை பேர் மெனக்கெட வேண்டுமா? தரவுத்தளத்தோடு கூடிய, தொடர்ந்து பராமரிக்கப்படும் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டு எழுதுவதில் கவனம் செலுத்தலாமே.

முனையவாசி

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இது சில நூறு வரிகள் மட்டுமே கொண்ட ஒற்றைக் கோப்பு. ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் படித்து முடிக்கலாம். தரவுத்தளம் கிடையாது, நிர்வாகப் பக்கம் கிடையாது, கடவுச்சொல்லைக் கேட்கும் படிவம் கிடையாது. ஆகவே அவற்றின் வழியே நுழைய முயலும் தானியங்கிகளுக்கு இங்கே வேலையும் கிடையாது. தரவு அடைவில் எழுதும் அனுமதியை வழங்கிக்குக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. படிக்க முடிந்தால் போதும். கருத்துப் பெட்டி, படம் ஏற்றுதல், பலர் சேர்ந்து எழுதுதல் ஆகியவை வேண்டும் என்பவருக்கு நானும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோப்புக்காரன்

சிஜிஐ கூற்றை நிறுவினேன், 2.1.2-க்கும் மாறினேன். பிழை 500 ஒழிந்தது. இப்போது வலைப்பதிவின் தலைப்பு அழகாகத் தெரிகிறது. அதன் கீழே ஓர் இடுகைகூட இல்லை. பிழைப்பதிவேடும் வெறுமையாக இருக்கிறது. கோப்புகள் என் இல்ல அடைவுக்குள் ஓர் உள்ளடைவில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அனுமதியும் 644 (எல்லோரும் படிக்கலாம்) என்பதைச் சரிபார்த்துவிட்டேன்.

வேர்க்கணக்கு

இந்த நிரலில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது இந்த மௌனம்தான். தரவு அடைவைத் துழாவும்போது, தன்னால் படிக்க முடியாத கோப்பை அது எந்த முறையீடும் இன்றித் தாண்டிச் சென்றுவிடும். உள்ளே நுழையவே முடியாத அடைவாக இருந்தாலும் முடிவு அதுவே: பிழைச் செய்தி இல்லை, இடுகையும் இல்லை.

கோப்பின் அனுமதி 644 என்று இருப்பது மட்டும் போதாது. வேரடைவு தொடங்கி அந்தக் கோப்பு வரையிலான ஒவ்வோர் அடைவிலும், வழங்கியின் பயனருக்கு நுழையும் அனுமதி இருக்க வேண்டும். முன்பெல்லாம் பயனரின் இல்ல அடைவு பிறருக்குத் திறந்தே கிடக்கும். இப்போது அதை மூடிவைப்பதே வழக்கமாகி வருகிறது. உபுண்டு லினக்ஸின் 21.04 பதிப்பு முதல் புதிய இல்ல அடைவுகள் 750 (பிறர் நுழைய முடியாது) என்ற அனுமதியோடுதான் உருவாகின்றன. உங்கள் டெபியனிலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 'நேம்ஐ' என்ற கட்டளையை எல் என்னும் தெரிவோடு இயக்கினால், பாதையின் ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாகத் தெரியும். அடைபட்ட படி எது என்று கண்டுபிடிக்க அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. அதன்பின் வழங்கியின் பயனராகவே மாறி ஓர் இடுகையைப் படித்துப் பாருங்கள்.

இல்ல அடைவைத் திறந்துவிட வேண்டாம். தரவை அதற்கு வெளியே, ஆனால் வலைத்தள வேரடைவுக்கும் வெளியே உள்ள ஓர் இடத்துக்கு மாற்றுங்கள். வலைத்தள வேரடைவுக்குள் வைத்தால் உங்கள் வரைவுகளையும் வார்ப்புருக்களையும் எவரும் முகவரியை ஊகித்து நேரடியாக எடுத்துவிடலாம். எஸ்ஈலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கும் வழங்கிகளில், இத்தனைக்கும் மேலாகக் கோப்புகளுக்கு உரிய அடையாளச்சீட்டும் வேண்டும். டெபியனில் அது வழக்கமாக இயங்குவதில்லை என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு மௌனமும் உண்டு. எதிர்காலத் தேதியுள்ள கோப்புகளை நிரல் காட்டாது. வழங்கியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், சற்றுமுன் எழுதிய இடுகை காணாமற் போனதுபோல் இருக்கும்.

கோப்புக்காரன்

அடைபட்டிருந்தது இல்ல அடைவேதான். தரவை வெளியே மாற்றியதும் 300 இடுகைகளும் வந்துவிட்டன. மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. எல்லா இடுகைகளின் தேதியும் இன்றைய தேதி. வரிசையும் குலைந்து கிடக்கிறது. முதன்முதலில் எழுதிய அறிமுக இடுகை நடுவில் எங்கோ இருக்கிறது. பிற தளங்கள் என் இடுகைகளுக்குக் கொடுத்திருந்த இணைப்புகளும் வெற்றுப் பக்கத்துக்குப் போகின்றன. நான் செய்ததெல்லாம் எஸ்சிபி கட்டளையால் பழைய வழங்கியிலிருந்து நகலெடுத்தது மட்டுமே.

முனையவாசி

இத்தனை நேரம் நாம் பேசிக்கொண்டிருந்தவை எல்லாம் அரை மணி நேரத் தொல்லைகள். இது அப்படியன்று, எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ப்ளாசம் ஓர் இடுகையின் தேதியைக் கோப்புக்குள் தேடுவதில்லை. கோப்பின் முதல் வரி தலைப்பு, மற்றவை உடல், அவ்வளவே. தேதி என்பது அந்தக் கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரமாகக் கோப்புமுறைமை குறித்து வைத்திருக்கும் நேரம். எழுதிச் சேமித்தால் வெளியாகிவிடும் என்ற எளிமை இதனால்தான் கிடைக்கிறது. உங்களுக்கு இப்போது வந்திருக்கும் துன்பமும் இதனால்தான். எஸ்சிபி கட்டளையையோ நகலெடுக்கும் கட்டளையையோ பி (-p) என்னும் தெரிவு இல்லாமல் இயக்கினால், புதிய கோப்பு நகலெடுத்த நேரத்தையே பெறும். ஆர்சிங்க் கட்டளையை ஏ என்னும் தெரிவோடு இயக்கினாலோ, டார் பொதியாகக் கட்டி மறுபுறம் பிரித்தாலோ பழைய நேரம் காப்பாற்றப்படும். கோப்புகளின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து மறுபுறம் இறக்கினாலும் இதே விபத்துதான் நேரும்; கிட் கோப்புகளின் திருத்த நேரத்தைச் சேமிப்பதே இல்லை.

பழைய வழங்கி இன்னும் உயிரோடு இருந்தால் எதையும் திருத்தாமல், இன்றே ஆர்சிங்க் கொண்டு மீண்டும் இழுத்துவிடுங்கள்.

இணைப்புகள் முறிந்ததும் இதே காரணத்தால்தான். நிரலோடு வரும் வார்ப்புருவில் 'நிரந்தர இணைப்பு' என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது ஆண்டு, மாதம், நாள், அதற்குள் கோப்பின் பெயர் என்று அமைந்த முகவரி. தேதி மாறினால் முகவரியும் மாறும். வழங்கி மாறாவிட்டாலும்கூட, பழைய இடுகையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்த அந்தக் கணத்திலேயே அந்த இடுகை முதற்பக்கத்தின் உச்சிக்கு ஏறிவிடும், அதன் நிரந்தர இணைப்பும் இறந்துவிடும். அதை நிரந்தரம் என்று அழைத்தது எழுதியவரின் குறும்போ என்று நான் ஐயுற்றதுண்டு. இடுகை வார்ப்புருவில் அந்த ஒரு வரியை மாற்றி, அடைவுப் பாதையும் கோப்பின் பெயரும் கொண்ட முகவரியைக் கொடுங்கள். கோப்பை நகர்த்தாதவரை அது முறியாது.

நிலையானபக்கம்

முனையவாசி சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். கோப்பின் பெயரை மாற்றினால் திருத்த நேரம் மாறாது. வரைவை வேறொரு பின்னொட்டுடன் வைத்திருந்து, முடித்தபின் பெயர் மாற்றி வெளியிடுவது நல்ல வழக்கம். பாதி எழுதிய வரி ஊராருக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரம் கிடப்பில் போட்ட வரைவைப் பெயர் மாற்றி வெளியிட்டால், அது மூன்று வாரத்துக்கு முந்திய தேதியோடு கீழே எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியிடும்போது, கோப்பின் திருத்த நேரத்தை மாற்றும் 'டச்' கட்டளையையும் சேர்த்து இயக்க வேண்டும்.

தேதிச் சிக்கலுக்கு 'என்ட்ரீஸ் இண்டெக்ஸ்' என்ற செருகுநிரல் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் முதன்முதலில் காணும்போது இருந்த நேரத்தை அது தனியே குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை திருத்தினாலும் தேதி நகராது. உடனே நிறுவிவிடுங்கள்.

வேர்க்கணக்கு

உடனே வேண்டாம்! கோப்புக்காரன், அந்த அறிவுரையைச் சற்று நிறுத்தி வையுங்கள். அந்தச் செருகுநிரல் முதல்முறை ஓடும்போது எந்த நேரம் இருக்கிறதோ அதையே குறித்துக்கொள்ளும். இன்று நிறுவினால் உங்கள் 300 இடுகைகளுக்கும் இன்றைய தேதியை அது உறுதிப்படுத்திவிடும். பிறகு நீங்கள் கோப்புகளின் நேரத்தைச் சரிசெய்தாலும், அது தன் குறிப்பேட்டையே நம்பும். தேதிகளை மீட்டபின்தான் நிறுவ வேண்டும். தவறி நிறுவிவிட்டால், நிலை அடைவில் (செருகுநிரல்கள் தம் குறிப்புகளை எழுதிவைக்கும் இடம்) உள்ள அதன் குறிப்பேட்டுக் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். வழங்கியின் பயனருக்கு எழுதும் அனுமதி தேவைப்படுவது அந்த நிலை அடைவில் மட்டும்தான்.

நிலையானபக்கம்

ஒப்புக்கொள்கிறேன், வரிசையைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

கோப்புக்காரன்

நல்லவேளை, நிறுவவில்லை. ஆனால் பழைய வழங்கியின் கணக்கு இதற்குள் மூடப்பட்டுவிட்டது. என்னிடம் ஒரு பழைய டார் பொதி இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்ததில் ஏறத்தாழ 260 கோப்புகள் சரியான தேதியோடு வெளிவந்தன. அதற்குப் பின் எழுதிய 40 கோப்புகளின் தேதிக்கு என்ன செய்வது? என் செய்தியோடையைச் சேமித்து வைத்திருந்த நண்பர் ஒருவர் அந்தக் கோப்பை அனுப்பினார். அதில் தலைப்பும் சுருக்கமும் இருக்கின்றன, தேதி இல்லை.

முனையவாசி

இருக்காது. 2.0 பதிப்பு உருவாக்கிய ஓடை ஆர்எஸ்எஸ் 0.91 வடிவம், அதில் தனி இடுகைக்குத் தேதி குறிக்கும் இடமே இல்லை. இணைப்பு முகவரிகளைப் பாருங்கள். நீங்கள் தேதி கொண்ட முகவரியை வைத்திருந்தவர் என்பதால், பிற தளங்களில் உள்ள இணைப்புகளிலும், நீங்களே உங்கள் இடுகைகளுக்குள் முந்தைய இடுகைகளுக்குக் கொடுத்த இணைப்புகளிலும் ஆண்டும் மாதமும் நாளும் இருக்கும். உங்களைக் கெடுத்த அந்த முகவரி இங்கே கைகொடுக்கிறது. எஞ்சியவற்றுக்கு, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் உங்கள் முதற்பக்கத்தின் பழைய படிகளைத் தேடுங்கள்.

கிடைத்த தேதிகளை 'டச்' கட்டளையின் டி (-t) தெரிவால் ஏற்றலாம். ஆண்டு 4 இலக்கம். மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவை ஒவ்வொன்றும் 2 இலக்கம். இடைவெளியின்றி எழுத வேண்டும். 40 கோப்புக்கும் கையால் இயக்காமல், கோப்பின் பெயரும் தேதியும் கொண்ட ஒரு பட்டியலை எழுதி, சிறு சுழற்சியால் அதை ஓடவிடுங்கள். அந்தப் பட்டியலை இடுகைகளோடு காப்பில் வைத்திருங்கள். அடுத்த முறை வழங்கி மாறும்போது ஒரே கட்டளையில் எல்லாத் தேதிகளும் திரும்பிவிடும். செருகுநிரலைவிட நான் இந்தப் பட்டியலைத்தான் நம்புவேன்.

கட்டளைவரி

மீண்டும் குறுக்கிடுகிறேன். ஒவ்வொரு வருகைக்கும் பெர்ல் புதிதாகத் தொடங்கி, 300 கோப்புகளையும் துழாவி, பக்கத்தைக் கட்டித் தருவது 512 எம்பி வழங்கிக்குத் தாங்குமா?

நிலையானபக்கம்

சில நூறு கோப்புகளுக்குத் தாங்கும். தேடுபொறிகளின் தானியங்கிகள் ஒரே நேரத்தில் பல கரங்களை நீட்டும்போதுதான் மூச்சுத் திணறும். அதற்கு நிரலிலேயே ஒரு வழி இருக்கிறது. முன்கூட்டியே கட்டிவைக்கும் நிலைப் பக்கங்களுக்கான அடைவையும் ஒரு கடவுச்சொல்லையும் அமைப்புகளில் கொடுத்துவிட்டு, முனையத்திலிருந்து அதே நிரலை அந்தக் கடவுச்சொல்லோடு இயக்கினால், எல்லாப் பக்கங்களையும் கோப்புகளாக எழுதித் தரும். வழங்கி அவற்றை அப்படியே பரிமாறினால் போதும். சிஜிஐ தேவையே இல்லை.

நான் இந்த வழிக்கு வந்தது விருப்பத்தால் அன்று. நான் பயன்படுத்தும் ஓப்பன்பிஎஸ்டி இயக்குதளத்தின் வலைவழங்கியும் சிஜிஐயை இயக்கித் தரும் துணைநிரலும் தம் அடைவுக்குள்ளேயே சிறைபட்டு ஓடுகின்றன. அந்தச் சிறைக்குள் பெர்ல் இல்லை. பெர்லையும் அதன் நூலகங்களையும் உள்ளே கடத்திச் செல்வதைவிட, வெளியே பக்கங்களைக் கட்டி உள்ளே வைப்பது எளிதாக இருந்தது. என்ஜின்எக்ஸ் என்னும் வலைவழங்கியும் சிஜிஐயை நேரடியாக இயக்காது என்பதால் அங்கேயும் இதுவே சுருக்கமான வழி. குறை ஒன்று உண்டு: ஓர் இடுகையை நீக்கினாலோ தேதியை மாற்றினாலோ, முன்பு எழுதிய பக்கம் தானாக அழியாது. நான் மாதம் ஒருமுறை முழு அடைவையும் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் கட்டும்படி இயக்குகிறேன்.

வேர்க்கணக்கு

தன் வழங்கியில் சிஜிஐ ஓடுகிறதா என்று உறுதிசெய்யாமல் நிரலை ஏற்றுபவர்களுக்கு ஒரு சொல். சிஜிஐ இயங்காத அடைவில் வைத்தால், அப்பாச்சி நிரலை இயக்காமல் அதன் மூலத்தையே உலாவிக்கு அனுப்பிவிடும். அந்தக் கடவுச்சொல்லும் சேர்ந்தே போகும். அது முனையத்திலிருந்து இயக்கும்போது மட்டுமே செல்லும் என்பதால் பேரிழப்பு இல்லை. ஆனால் வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே எழுதாதீர்கள்.

கோப்புக்காரன்

முடிந்தவற்றைச் சொல்கிறேன். 40-இல் 31 கோப்புகளுக்கு என் சொந்த இணைப்புகளிலிருந்தே தேதி கிடைத்தது; 7-க்கு ஆவணகத்தின் படிகளிலிருந்து கிடைத்தது. பட்டியலை ஓடவிட்டேன். வரிசை திரும்பிவிட்டது. நிரந்தர இணைப்பின் வரியையும் மாற்றினேன்.

அப்போது இரண்டு புதுக் குழப்பங்கள். முதலாவது, 2019 என்று பெயரிட்ட ஓர் அடைவில் சில இடுகைகளை வைத்திருந்தேன். அந்த அடைவின் முகவரியைத் திறந்தால், அதில் இல்லாத வேறு இடுகைகளும் வருகின்றன. இரண்டாவது, நள்ளிரவை ஒட்டி எழுதிய இடுகைகள் ஒரு நாள் தள்ளித் தெரிகின்றன.

முனையவாசி

முதலாவது: 19 அல்லது 20 என்று தொடங்கும் 4 இலக்கப் பெயரை முகவரியில் கண்டால், 2.1.2 அதை அடைவாகக் கருதாது, ஆண்டாகவே கருதும்; அந்த ஆண்டில் எழுதிய எல்லாவற்றையும் கொடுக்கும். அடைவின் பெயரை எழுத்தில் தொடங்குமாறு மாற்றுங்கள். 2.0 இதைவிடக் கெடுபிடி; ஆங்கில எழுத்தில் தொடங்காத எந்த அடைவையும் அது ஏற்காது, ஆகவே தமிழ்ப் பெயருள்ள அடைவு அதில் வேலை செய்யாது.

இரண்டாவது நேர வலயம். வழங்கி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நீங்கள் இடுகைகளை எழுதியதும் பட்டியலை இட்டதும் உள்ளூர் நேரத்தில். அப்பாச்சியின் அமைப்பில் 'செட்என்வ்' கட்டளையால் நேர வலயத்தைக் குறிக்கும் டிஇசட் என்னும் சூழல் மாறியை நிரலுக்குக் கொடுங்கள்; அதே மதிப்பை முனையத்திலும் வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி ஓடவிடுங்கள். இரண்டிடத்திலும் ஒரே வலயம் இருக்க வேண்டும்.

கோப்புக்காரன்

இரண்டும் சரியாயின. செருகுநிரலை இப்போதுதான் நிறுவினேன். அதன் குறிப்பேட்டைத் திறந்து பத்துப் பதினைந்து தேதிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பொருந்துகின்றன. தேதியே கிடைக்காத 2 இடுகைகளுக்கு, அவற்றுக்கு முன்னும் பின்னும் எழுதியவற்றின் இடையில் ஒரு நாளைக் கொடுத்து, தேதி தோராயமானது என்று உடலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அப்படிச் சேர்த்துச் சேமித்ததில் அவற்றின் நேரம் மாறிவிட்டது. மறுபடியும் 'டச்' இயக்கிச் சரிசெய்தேன்.